டயர் உரசுது சார்!

(அந்தமான் நிக்கோபாரிலிருந்து வந்த கடிதங்கள் குவிந்துவிட்டதால், இந்த வாரம் முழுக்கத் தீவு வாசகர்களுக்கே.)

ஹேடோ வாசகர்: என் ஸ்விஃப்டில் 15 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 17 மாட்டி, வண்டியையும் இரண்டு அங்குலம் இறக்கினால் எப்படி இருக்கும்?

நிற்கும்போது பிரமாதமாக இருக்கும். ஓட்டவும் போகிறீர்களா?

அப்படியானால் கணக்குப் போடுங்கள். டயர் அளவில் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண் எதுவோ, டயரின் அகலத்தில் அத்தனை சதவீதம்தான் பக்கச்சுவரின் உயரம். 185/65 என்றால் 120 மி.மீ. அதை இரண்டு முறை கூட்டி, ரிம்மின் 381-ஐயும் சேர்த்தால் மொத்த உயரம் ஏறக்குறைய 621. 195/55 R16 போட்டாலும் அதே 621தான். 205/45 R17 கூட 616-ல் நிற்கிறது. ஆக, உயரத்தால் உரசப்போவதில்லை. அகலமும், நீங்கள் இறக்கப்போகும் இரண்டு அங்குலமும்தான் உரசவைக்கும். தவிர, 17-ல் பக்கச்சுவர் 92 மி.மீ.-ஆக இளைத்துவிடும். வருஷத்துக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை கொட்டும் ஊரில், தண்ணீர் மூடிய பள்ளத்தில் விழுந்தால் அடியை டயர் வாங்காது, ரிம் வாங்கும். 16 போடுங்கள். இறக்கியே தீருவேன் என்றால் ஒரு அங்குலத்தோடு நிறுத்துங்கள்.

டாலிகஞ்ச் வாசகர்: ஆஃப்செட், ஆஃப்செட் என்கிறார்களே, அதைப் பார்க்காமல் வாங்கினால் என்ன?

டயர் பார்த்துக்கொள்ளும், மட்கார்டை.

ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். உங்கள் பழைய ரிம் 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் 45. புதியது 7 அங்குலம், 38 என்று வைத்துக்கொள்வோம். அகலம் கூடியது 38 மி.மீ.; பக்கத்துக்கு 19. ஆஃப்செட் 7 குறைந்ததால் சக்கரம் முழுக்க 7 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளிப்பக்கம் 26, உள்பக்கம் 12. மட்கார்டின் உதட்டுக்கும் டயருக்கும் இப்போது இருக்கிற இடைவெளியை அளந்து, 26-ஐக் கழித்துப் பாருங்கள். உள்ளே ஸ்ட்ரட் பக்கம் 12-ஐக் கழியுங்கள். ஸ்ட்ரட்டும் சக்கரமும் சேர்ந்தே ஏறி இறங்குவதால், வண்டியை இறக்கியதால் அந்த உள் இடைவெளி குறையாது. அதைக் கெடுப்பது அகலமும் ஆஃப்செட்டும் மட்டுமே. இது தெரியாமல் ஸ்பிரிங்கைத் திட்டுகிறவர்கள் ஏராளம்.

ஜங்லிகாட் வாசகர்: ஸ்பிரிங்கிலேயே ஒன்றரைச் சுற்று வெட்டிவிட்டால் செலவு மிச்சம்தானே?

மிச்சம்தான். வெட்டின ஸ்பிரிங், சக்கரம் தொங்கும் நேரத்தில் இருக்கையைவிட்டு நழுவினால் அந்த மிச்சம் ஆஸ்பத்திரிக்குப் போகும்.

கரச்சரமா வாசகர்: தனியாகப் போனால் உரசவில்லை. மச்சான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கார்பின்ஸ் கோவ் போனால் மட்டும் பின்னால் 'கர்ர்' என்கிறது. ஏன்?

மச்சானைக் குறை சொல்ல வேண்டாம். முன்பக்கம் சஸ்பென்ஷன் அமுங்கும்போது சக்கரத்தின் தலை கொஞ்சம் உள்ளே சாய்ந்து மட்கார்டுக்கு வழிவிடும். உங்களுடையது மாதிரி சிறிய கார்களில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம். இரண்டு பக்கமும் சேர்ந்து அமுங்கினால் அது சாயாது, நேராக மேலே போய் உதட்டைத் தொடும். இதைக் கடையிலேயே கண்டுபிடித்திருக்கலாம். முன் இடது சக்கரத்தையும் பின் வலது சக்கரத்தையும் மரக்கட்டைமேல் ஏற்றி, பின்சீட்டில் ஆள்களை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடியுங்கள். பிறகு பக்கத்தை மாற்றுங்கள். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை வீல் ஆர்ச்சின் உள்ளே ஒட்டி ஒரு சுற்று ஓட்டினால், டயர் எங்கே எவ்வளவு நசுக்கியது என்று அதுவே காட்டும். பம்ப் ஸ்டாப் ரப்பரை மட்டும் கழற்றாதீர்கள். சக்கரம் எல்லை மீறாமல் தடுப்பது அதுதான்.

பம்பூஃபிளாட் வாசகர்: தினமும் சாத்தாம் ஜெட்டிக்கு வண்டிப் படகில் வருகிறேன். இறக்கிய காரில் ஏற முடியுமா?

அது கடலின் மனநிலையைப் பொறுத்தது. தண்ணீர் ஏறும்போது ஒரு சரிவு, வற்றும்போது வேறொரு சரிவு. ஸ்விஃப்டுக்குக் கம்பெனி கொடுத்த 163 மி.மீ. தரை இடைவெளியில் 50-ஐ நீங்களே தாரைவார்த்துவிட்டால் முதலில் பம்பர் முட்டும், பிறகு வயிறு தட்டும். 'கொஞ்சம் குறுக்காக ஏறு' என்பார்கள். பம்பர் தப்பும். ஆனால் ஒரு சக்கரம் அமுங்கி, ஸ்டியரிங்கும் திரும்பியிருக்கிற அந்தக் கணத்தில்தான் டயர் உரசும். தினமும் அவதிப்பட மனமில்லையென்றால் ஃபெரார்கஞ்ச் சுற்றிக்கொண்டு ரோட்டிலேயே வாருங்கள். பெட்ரோலுக்கு என்னிடம் கேட்கக்கூடாது.

ரங்கத் வாசகர்: லேசாகத்தான் உரசுகிறது. போர்ட் பிளேர் வரை சமாளிக்கலாமா?

2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியும் நம் வாய்க்குப் போர்ட் பிளேர்தான் வருகிறது, போகட்டும். சமாளிக்காதீர்கள். வழியில் ஜாரவா பழங்குடிக் காப்பகத்துக்குள் கான்வாயில் போகும்போது நடுவில் நிறுத்த அனுமதி கிடையாது. இறங்கிப் பார்க்க ஆசைப்படும் நேரத்தில்தான் பார்க்க முடியாது. லேசாக உரசும் டயர், பக்கச்சுவரில் நூல் தெரிந்த பிறகு ஒரே போடாகப் போடும்.

பாதுபஸ்தி வாசகர்: மட்கார்டு உதட்டை மடக்கிவிடலாம் என்கிறார் டிங்கர். செய்யலாமா?

சூடு காட்டி, நிதானமாக மடக்கினால் சில மி.மீ. கிடைக்கும். பெயிண்ட் வெடித்தால் உப்புக்காற்று ஓர் இரவுகூட காத்திருக்காது. மடித்த இடத்தில் பிரைமர், பெயிண்ட், சீலன்ட் மூன்றும் அன்றைக்கே ஆகவேண்டும். கூடவே ஒன்று: அலாய் ரிம்மும் இரும்பு ஹப்பும் இந்தக் காற்றில் ஒட்டிக்கொள்ளும். பஞ்சரான அன்று உதைத்தாலும் கழலாது. ஹப் முகத்தில் மெல்லிசாக ஆன்ட்டி-சீஸ் தடவுங்கள், நட்டு மரையில் வேண்டாம்.

கச்சால் வாசகர்: எங்கள் தீவிலேயே ரப்பர் தோட்டம். டயர் மட்டும் ஏன் விலை?

இலங்கையிலிருந்து திரும்பிய நம் ஜனங்கள் பாடுபட்ட தோட்டம் அது. மரம் அங்கே, டயர் ஆலை எல்லாம் கடலுக்கு அப்பால். கப்பல் கூலி சும்மா விடுமா?

டெலானிப்பூர் வாசகர்: போலீஸ் பிடிக்குமா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. அதே மாடலின் உயர்ந்த வேரியன்ட்டில் கம்பெனியே கொடுக்கும் டயர் அளவு என்றால் நிம்மதி. இன்சூரன்ஸ்காரருக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஹேடோ வாசகர் (மறுபடியும்): சரி, 16தான். சென்னையில் தம்பி ஜி.பி. ரோட்டில் வாங்கி அனுப்புகிறான். என்ன பார்க்கச் சொல்லட்டும்?

நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம். நடுத்துளை 54.1, பெரிதாக இருந்தால் வளையம் போட்டு நிரப்ப வேண்டும். அகலம் 6 அங்குலம் போதும். டயரில் சுமை எண் 88-க்குக் குறையக்கூடாது. அது ஒரு டயருக்கு 560 கிலோ. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும், அடுத்த இரண்டு வருஷத்தையும் சொல்லும். பழைய சரக்கு வேண்டாம். ஒன்றை மட்டும் அங்கேயே இதே மாடல் வண்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு மற்ற மூன்றுக்கும் பணம் கொடுக்கச் சொல்லுங்கள். கப்பல் ஏறிவிட்டால் திருப்பிக் கொடுக்க 1,300 கிலோமீட்டருக்கும் மேல். பில் வாங்க மறக்க வேண்டாம்.