ஒரு நடை கந்தகம்

"கிழக்கு ஜாவா: நான்கு நாள், இரண்டு எரிமலை, ஓர் அருவி" என்று போட்டிருந்த தாளை என் கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தார். படிக்கவில்லை, பார்த்தார். 35 வருஷம் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் இருந்தவர். எந்தத் தாளும் அவருக்கு முதலில் அச்சு, அப்புறம்தான் எழுத்து. "மெஜந்தா கொஞ்சம் தள்ளியிருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். புறப்படும் நேரம் 12.00 என்று இரண்டு இடத்தில் இருந்தது. சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம், நல்ல ஏற்பாடு என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஆசைப்பட்டது நான்தான். 28 வருஷம் வேதியியல் நடத்தியவள். கந்தகம் நீலச் சுடருடன் எரியும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, விடைத்தாளில் 'நீல' விட்டுப்போனால் அரை மதிப்பெண்ணைக் கழித்திருக்கிறேன். ஆய்வகத்தில் கரண்டி நுனியில் சுண்டைக்காய் அளவு வைத்துக் கொளுத்திக் காட்டியதும் உண்டு. பின்பெஞ்சிலிருந்து "ஒண்ணும் தெரியல டீச்சர்" என்பார்கள். மலையே அப்படி எரிகிற இடம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகும் போகாமல் இருந்தால், அந்த அரை மதிப்பெண்களுக்கெல்லாம் யார் பதில் சொல்வது? மேலும் நாங்கள் கந்தக பூமிக்காரர்கள். எங்கள் ஊரில் அந்த வாசனைக்கு மூக்கைப் பொத்துகிறவர் வெளியூர்க்காரர்.

சுரபாயா விமான நிலையத்தில் வழிகாட்டிப் பையன் பெயரட்டையோடு நின்றான். "என்னை மாஸ் என்று கூப்பிடுங்கள்" என்றான். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஜாவா மொழியில் 'மாஸ்' என்றால் அண்ணன். 25 வயதுப் பையனை அண்ணன் என்று கூப்பிடுவதில் நமக்கென்ன தயக்கம், டீக்கடையில் அதைத்தானே செய்கிறோம்! ஆனால் நான்கு நாளும், "மாஸ், பாத்ரூம் எங்கே?" என்று கேட்கும்போதெல்லாம் பின்னாலிருந்து யாராவது விசிலடிக்க வேண்டும் போலவே இருந்தது.

வண்டியில் போகும்போது மாஸ் மொழிப்பாடம் நடத்தினான். கடைக்குக் 'கெடாய்', பெட்டிக்குப் 'பெத்தி', கப்பலுக்குக் 'கப்பால்'. நம் ஆட்கள் சரக்கோடு பெயரையும் இறக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். கணவனுக்கு 'சுவாமி'. அது வடமொழி உபயம். அதைக் கேட்டதிலிருந்து இவர் இருக்கையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதலில் தும்பக் செவு அருவி. 'செவு' என்றால் ஆயிரம். அரைவட்டமாக ஒரு பாறைச் சுவர், ஏறக்குறைய 120 மீட்டர் உயரம். அது முழுக்கத் தறியில் பாவு போட்டமாதிரி நூல்நூலாகத் தண்ணீர். மேலேயிருந்து பார்த்துவிட்டுப் புறப்பட்டிருந்தால் நான் இன்னும் நல்ல பெண்மணியாக இருந்திருப்பேன். ஆனால் அருவி என்றால் எங்களுக்குக் குற்றாலம். அது தலையைக் கொடுக்கிற இடம், நின்று பார்க்கிற இடமல்ல. இவர் பையைத் திறந்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து உச்சந்தலையில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். மாஸ் அதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

கீழே இறங்க மூங்கில் ஏணி, இரும்புப் படி, கயிறு. ஓரிடத்தில் பாதையும் ஓடையும் ஒன்றேதான். பாதி ஏணியில் நான் நிற்கும்போது கீழேயிருந்து மாஸ் "ஹத்தி! ஹத்தி!" என்று கத்தினான். இவர் இந்தி பிரச்சார சபாவில் மத்யமா வரை தேறியவர். "யானையா? எங்க?" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார். மாஸின் இரண்டு கண்ணும் என் மேல் இருந்தன. என் காலடியில் மூங்கில் முனகிக்கொண்டிருந்தது. அவமானத்தில் இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. 'ஹத்தி-ஹத்தி' என்றால் 'பார்த்து, பார்த்து' என்று தரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் மனம் ஆறவில்லை.

அருவிக்கடியில் தலையைக் கொடுக்க வழியில்லை. விழுகிற வேகத்துக்குத் தலை கையோடு வந்துவிடும். தூரத்தில் நின்றாலே சாரல் ஆளை நனைத்துவிடுகிறது, எண்ணெயை மட்டும் தொடுவதில்லை. சீயக்காய் எடுத்து வைக்காதது நான்தான் என்ற வழக்கு இன்னும் வீட்டில் நிலுவையில் இருக்கிறது.

அந்தத் தண்ணீர் செமெரு மலைச் சரிவிலிருந்து வருகிறது. 3,676 மீட்டர், ஜாவாவில் அதைவிட உயரமில்லை. அவ்வப்போது உச்சியில் ஒரு சாம்பல் கொத்து கிளம்பும். 'தந்து பங்கெலாரன்' என்ற பழைய ஜாவா நூலில் இந்த மலைக்கொரு கதை. தீவு கடலில் தள்ளாடிக்கொண்டிருந்ததாம். தேவர்கள் பாரதத்திலிருந்து மேரு மலையைப் பெயர்த்துக் கொண்டுபோய் மேற்கே வைத்தார்கள். அந்தப் பக்கம் சாய்ந்தது. தூக்கிக் கிழக்கே வைத்தார்கள். நம் பக்கமும் இதே தராசுக் கோளாறுதான். கைலாயத்தில் கல்யாணக் கூட்டம் சேர்ந்து வடக்கு தாழ, அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள். வேடிக்கை என்னவென்றால் அகத்தியர் ஜாவாவுக்கும் போயிருக்கிறார். மலாங் நகரத்தை ஒட்டிய தினோயோவில் கிடைத்த 760ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஓர் அரசன் அவருக்குக் கருங்கல் சிலை வைத்ததைச் சொல்கிறது. குள்ள முனிவர் ஒருவர் நின்றாலே பூமி நிமிரும் என்றால் நான் ஏணியில் நின்ற நேரத்தில் எந்தெந்த ஊர் உயர்ந்ததோ.

வழியில் ஓர் ஆறு. தண்ணீரைவிட மணல் அதிகம், கறுப்பு மணல். லாரிகள் நின்று அள்ளிக்கொண்டிருந்தன. 2021 டிசம்பரில் செமெரு வெடித்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள் என்று மாஸ் சொன்னான். அந்தப் பாலம் கடக்கிற வரைக்கும் அவன் வேடிக்கை எதுவும் பேசவில்லை.

அன்றிரவு படுத்துக் கண் சொக்குகிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மணி 12.00. புரோமோ!

எரிமலைச் சுற்றுலாவில் நெருப்புக்குத்தான் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். தூக்கத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. மங்கி குல்லாய், வாடகைக் கம்பளிக் கோட்டு, பழைய டொயோட்டா ஜீப். 2,770 மீட்டர் உயர பெனஞ்சாக்கனில் சூரிய உதயம் பார்க்க எங்களுக்கு முன்பே ஒரு திருவிழாக் கூட்டம். கூட்டம் கிழக்கைப் பார்த்தது. கிழக்கு மூடுபனியைப் பார்த்தது. ஐந்தரை மணிக்கு வெள்ளை கொஞ்சம் வெளிர்வெள்ளையானது. அதுதான் உதயம் என்றான் மாஸ். நல்ல வானிலையில் இங்கே என்னவெல்லாம் தெரியும் என்று தன் கைப்பேசியில் படம் காட்டினான். இவர் வாங்கிப் பார்த்தார். "இது எங்க காலண்டர்ல போட்ட படம்மா. வீட்டிலேயே இருந்திருந்தா தேதியோட பாத்திருக்கலாம்."

பனி விலகியபின் மணல் கடலைக் கடந்து புரோமோவுக்கு நடந்தோம். பழைய பெரிய எரிமலை இடிந்து விழுந்த பள்ளத்துக்குள் புதிய எரிமலைகள் முளைத்திருக்கின்றன. புரோமோ அவற்றில் ஒன்று. பிரம்மாவின் பெயர்தான். அடிவாரத்தில் ஒரு கோயிலும் உண்டு. இங்குள்ள தெங்கர் மக்கள் இந்துக்கள். சுமார் 250 படி ஏறினால் விளிம்பு. உள்ளே பார்த்தால் புகை, கேட்டால் கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் பத்து குக்கர் ஒரே சமயத்தில் சீறுகிற சத்தம். விளிம்பில் சின்னதாக ஒரு பிள்ளையார். அரசமரமோ முச்சந்தியோ எரிமலையோ, இடம் காலியாக இருந்தால் அவர் உட்கார்ந்துவிடுகிறார்.

கசாதா திருவிழாவன்று தெங்கர் மக்கள் காய்கறி, கோழி, ஆடு என்று காணிக்கைகளை வாய்க்குள் எறிவார்களாம். உட்சரிவில் சிலர் நீளக் கம்பில் வலை கட்டிக்கொண்டு நின்று அவற்றைப் பிடித்துக்கொள்வார்களாம். சாமிக்குப் போட்டதைப் பிடிக்கலாமா என்று கேட்டேன். "போட்டவருக்குப் புண்ணியம், பிடித்தவருக்குக் கோழி" என்றான் மாஸ். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடாகத்தான் பட்டது.

அந்த நீலச் சுடர் மலையான இஜெனுக்குப் போகும் முன் விடுதிக்கு ஒருவர் வந்து இரத்த அழுத்தம் பார்த்தார், உயரம் எடை குறித்தார். மலையேற உடல்நலச் சான்றிதழ் வேண்டுமாம். என் தாளில் 74 என்று எழுதினார். கணவர் அதைப் பார்த்துவிட்டு அச்சைப் பற்றிக்கூட எதுவும் சொல்லவில்லை.

மறுபடியும் நள்ளிரவு. மறுபடியும் கதவு. காலை உணவுப் பெட்டியை நள்ளிரவிலேயே கையில் திணித்தார்கள்: சாக்லேட் தூள் தூவிய ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம். பல்துடிங் என்ற இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் ஏற்றம். மூன்று கிலோமீட்டர் என்பது நம் ஊர்ச் சாலையில் ஒரு கணக்கு; செங்குத்தில் வேறு கணக்கு. ஒரு கிலோமீட்டரில் என் முழங்கால் பேச ஆரம்பித்தது. பக்கத்திலேயே இருட்டில் "டாக்ஸி? டாக்ஸி?" என்று குரல்.

டாக்ஸி என்பது இரண்டு சக்கர இரும்புத் தள்ளுவண்டி, அதில் ஒரு மெத்தை. முன்னால் இருவர் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார்கள், பின்னால் ஒருவர் தள்ளுவார். மூவரும் கந்தகம் சுமக்கிறவர்கள். சுமப்பதைவிட ஆளை இழுத்தால் கூலி எவ்வளவோ அதிகம் என்று இதற்கு வந்தவர்கள். கூச்சத்தோடு உட்கார்ந்தேன். பட்டப்பகலாக இருந்திருந்தால் செத்தாலும் ஏறியிருக்கமாட்டேன். இருட்டுக்கு அந்த ஓர் உபகாரம் உண்டு. இவர் மானஸ்தன், பக்கத்தில் மூச்சிரைக்க நடந்து வந்தார். நான் அவருக்குப் பாதி வாழைப்பழம் நீட்டினேன், வாங்கவில்லை.

ஓய்வெடுக்க நிறுத்தியபோது, ஒரு நடைக்கு எவ்வளவு கந்தகம் தூக்குவீர்கள் என்று மாஸ் மூலம் கேட்டேன். 70, 80 கிலோ என்றார் பின்னால் தள்ளியவர். பிறகு ஏதோ கேட்டார். மாஸ் தயங்கினான். "உங்கள் எடை என்னவென்று கேட்கிறார், அம்மா."

சொன்னேன். மூவரும் தலையாட்டினார்கள்.

"ஒரு நடை" என்றார் அவர். பிறகு ஆறுதலாக, "கந்தகத்தை நாங்கள் வெட்டி ஏற்ற வேண்டும். நீங்கள் நீங்களாகவே ஏறிக்கொண்டீர்கள்" என்றார்.

விளிம்பிலிருந்து வாய்க்குள் இறங்க வண்டி கிடையாது. வாயு முகமூடியை மாட்டிக்கொண்டு, நெற்றிவிளக்கு வெளிச்சத்தில் கல் கல்லாக இறங்கினோம். பாதி வழியில் எதிரே ஒருவர் வந்தார். தோளில் மூங்கில், இரண்டு பக்கமும் கூடை, கூடை நிறைய மஞ்சள் பாளங்கள். அச்சு அசல் காவடி. நம் காவடியில் ஆட்டமும் மேளமும் இருக்கும். இதில் மூங்கில் கிரீச்சிடுகிற சத்தமும் ஒரு மனிதர் மூச்சு விடுகிற சத்தமும்தான் இருந்தன. முகமூடி இல்லை, வாயில் ஒரு துணி. பாறையோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டேன். மூன்று பேர் இழுத்து வந்த என்னை ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு அவர் மேலே போகிறார் என்று தோன்றியது. முழங்கால்வலி என்று மாஸிடம் சொல்ல எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

கீழே, எரிந்துகொண்டிருந்தது.

நீலம். பாறை இடுக்கிலிருந்து பீறி வருகிற வாயு காற்று பட்டதும் பற்றிக்கொண்டு, சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்தது. சுண்டைக்காய் அளவல்ல, ஒரு தெரு அளவு. 28 வருஷப் பழக்கம் விடுமா? கை தானாக உயர்ந்தது. கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக டை ஆக்சைடாகி... முகமூடிக்குள்ளிருந்தே முழுப் பாடத்தையும் நடத்தி முடித்தேன். சுற்றி நின்ற வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்காது. என் வகுப்பில் பின்பெஞ்சுக்குக் கேட்டதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இவர் மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "இந்த நீலம் நாலு கலர்ல வராதும்மா" என்றார். அவர் வாயால் இயற்கைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

விடிந்ததும் தீ மறைந்து ஏரி தெரிந்தது. பச்சையும் நீலமும் கலந்த நிறம், ஒரு கிலோமீட்டர் அகலம், அவ்வளவும் அமிலம். பிஎச் ஒன்றுக்கும் கீழே. ஆய்வகத்தில் ஒரு குடுவையை உடைத்த பையனை நான் போட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. கரையோரத்தில் குழாய்களின் வழியே ஆவி குளிர்ந்து, இரத்தச் சிவப்பில் சொட்டி, ஆறியதும் மஞ்சளாக உறைந்தது. "மஞ்சள் மட்டும் தனியா ஓட்டியிருக்காங்க" என்றார் அச்சகத்தார். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார்.

மேலே வந்து காபி குடித்தோம். இந்தக் கந்தகம் எங்கே போகிறது என்று கேட்டேன். சர்க்கரை ஆலைகளுக்கும் போகிறது, சர்க்கரையை வெளுக்க என்றான் மாஸ். பாடத்தில் நானே நடத்தியதுதான். இருந்தாலும் கரண்டியில் அள்ளியதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

திரும்பும் வழியில் ஒருவர், உருகிய கந்தகத்தை அச்சில் ஊற்றிச் செய்த ஆமைப் பொம்மைகள் விற்றுக்கொண்டிருந்தார். ஒன்று வாங்கினேன். சுரபாயா விமான நிலைய வாசலில்தான் இவருக்கு உறைத்தது. "பெட்டியில கந்தகம். பாஸ்போர்ட்டுல பிறந்த ஊர் சிவகாசி. கேட்டா ஆமைன்னு சொல்லுவியா?"

ஆமையை மாஸிடம் கொடுத்தேன். அவன் இரண்டு கையாலும் வாங்கி, வண்டியின் முன்கண்ணாடியை ஒட்டி வைத்தான். அங்கே ஏற்கெனவே நான்கு ஆமைகள் இருந்தன.