சரித்திர சார்

கள்ளக்குறிச்சி வட்டாரத்து லுத்தரன் சபை எதிலும் சரித்திர சார் ஒருவர் இருப்பார். மிஷன் ஸ்கூலில் வேலை பார்த்து ரிட்டயரானவர். சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் நாடா கட்டிய ஃபைல். சபைக்குப் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தால் மலர்க்குழு என்று ஏழு பேரைப் போடுவார்கள். ஆறு பேர் கையெழுத்துப் போடுவார்கள். மலர் போடுவது இவர்தான். ரைஸ் மில், நகைக்கடை, போட்டோ ஸ்டுடியோ என்று கடைத்தெரு முழுக்க ஏறி இறங்கி விளம்பரம் பிடித்துவிடுவார். "அரைப் பக்கம்தான் அண்ணாச்சி, ஆண்டவர் முழுசா ஆசீர்வதிப்பார்" என்பார்.

அவர் எழுதும் சபை வரலாறு 1706-இல், தரங்கம்பாடிக் கரையில் தொடங்கும். டென்மார்க் ராஜா நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்கு கப்பலை விட்டு இறங்குவார். அடுத்த பத்தியில் நாம் திருக்கோவிலூரில் இருப்போம். நடுவில் ஒன்றரை நூற்றாண்டு என்ன ஆனதென்று கேட்கக்கூடாது.

வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் கேட்டான். "சார், நம்ம பக்கம் வந்த டேனிஷ் மிஷன் வேற ஆச்சே? அந்தச் சங்கமே 1821-ல ஆரம்பிச்சது. இங்க வேலை தொடங்குனது 1860-கள்ல."

"எல்லாம் டென்மார்க்குதானே தம்பி! ராஜா வந்தா மலருக்கு ஒரு எடுப்பு."

ராஜாவுக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்தவர், கார்ல் ஓக்ஸுக்கு இரண்டு வரி கொடுத்தார். இத்தனைக்கும் கதை ஓக்ஸிடம்தான் இருக்கிறது. அவர் ஜெர்மன்காரர். சபைக்குள் சாதி பார்ப்பதை, தான் இருந்த லைப்சிக் மிஷன் பொறுத்துப்போனது பிடிக்காமல் வெளியேறி, 1861-இல் பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற மிஷன் நிலையத்தைத் தொடங்கினார். பிறகுதான் டேனிஷ் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. இதை விரித்து எழுதினால் இன்றைக்கு யார் வீட்டுக்கு யார் பெண் கொடுக்கிறார்கள் என்ற பேச்சு வரும். பேச்சு வந்தால் இரண்டு முழுப்பக்க விளம்பரம் போகும். சாருக்குக் கணக்கும் நன்றாக வரும்.

போன பண்டிகைக்கு முன்பு கல்வராயன் மலைக்கும் போய்வந்தார். "மலைவாழ் விசுவாசிகளின் பாரம்பரியம்" என்று தலைப்பு முதலிலேயே தயார். வெள்ளிமலைப் பக்கம் ஒரு பெரியவர், திண்ணையில் கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க முன்னோர் எங்கேர்ந்து வந்தாங்க?"

"காஞ்சிபுரத்துலேர்ந்துன்னு எங்க பாட்டன் சொல்லும்."

சார் பேனாவை மூடவில்லை. "அப்படியே தரங்கம்பாடி வழியா வந்ததா எதுவும் சொல்லுமா?"

பெரியவர் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, கடுக்காயைப் புரட்டப் போய்விட்டார். காஞ்சிபுரத்திலிருந்து வந்த கதையை இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். மலரில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. பெரியவர் படம் மட்டும் வந்தது, ஸ்வீட் ஸ்டால் விளம்பரத்துக்குக் கீழே.

பண்டிகை நாளன்று ஆராதனை முடிந்ததும் சபை வரலாறு வாசிப்பு. 1718-இல் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் எழும்பும்போது வெளியே பிரியாணி தம் உடைப்பார்கள். வாசனை உள்ளே வரும், பின்வரிசை வெளியே போகும். ஆயர் வாட்சைப் பார்ப்பார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, விட்ட வரியிலிருந்து இன்னும் நிதானமாகத் தொடர்வார்.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும். செல்லரித்த ஞானஸ்நான ரிஜிஸ்டர்களை வெயிலில் காயவைத்து, வேப்பிலை வைத்துப் பத்திரப்படுத்துவது அவர் ஒருவர்தான். சென்னையிலிருந்து யாராவது வந்து பாட்டி பெயரைக் கேட்டால், டீ ஆறுவதற்குள் பக்கத்தை எடுத்துவிடுவார். கமிட்டிக்காரர்களுக்கு அந்தப் பீரோ சாவி எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

ஆகவே, அடுத்த மலருக்குப் பழைய போட்டோ கேட்டு உங்கள் வீட்டுக்கு வந்தால் மறுக்காமல் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். போன மலருக்கு வாங்கிப்போன தாத்தா பாட்டி கல்யாண போட்டோக்கள் இன்னும் எந்த வீட்டுக்கும் திரும்பவில்லை.