மெஷினை மாத்திடலாம் சார்

அப்பா கட்டியிருந்தது எச்.எம்.டி. ஜனதா. சாவி கொடுக்கிற வாட்ச். காலை 7.15 ஆகாசவாணிச் செய்தி தொடங்கும்போது முள்ளைச் சரிபார்த்து, சாவியை இறுகும்வரை திருகிவிட்டுத்தான் கையில் கட்டுவார். எங்களைத் தொட விடமாட்டார்.

ஓட்டம் பிசகினால் மதுரை மேலமாசி வீதிக்குப் போவோம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பெரியவர். ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறப்பார். உள்ளே பேலன்ஸ் வீல் வலமும் இடமுமாகத் துடிப்பதை மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பேன். கழுவி, ஆயில் வைத்து, காதருகே பிடித்துக் கேட்பார். "ஒரு நாள் என்கிட்ட ஓடட்டும் சார், நாளைக்கு வாங்க" என்பார்.

அப்பா ஓய்வுபெற்றபோது ஆபீசில் குவார்ட்ஸ் வாட்ச் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதன் பிறகு ஜனதா பெட்டிக்குள் போய்விட்டது. அப்பா போன பிறகு அந்தக் குவார்ட்ஸ் வாட்சும் ஆறு வருடம் பீரோவில் கிடந்தது. போன மாதம் கடைக்கு எடுத்துப் போனேன். திறந்த வேகத்தில் மூடினார் கடைக்காரர். "செல் ஒழுகிடுச்சு. மெஷினை மாத்திடலாம் சார்."

அவர் சொன்னதில் தப்பில்லை. சாதாரண குவார்ட்ஸ் மெஷின் மலிவு. பிரித்துப் பழுது பார்க்கும் கூலிதான் அதிகம். ஆனால் அவர் தூக்கிப் போடச் சொன்னது அப்பாவின் கையில் ஓடிய மெஷினை. எனக்கு மனசு ஒப்பவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, மூடியின் ஓரத்துச் சின்னப் பள்ளத்தில் கத்தி முனையைக் கொடுத்து நெம்பினேன். செல்லைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. உள்ளேயிருந்து கசிந்த காரம் அது. வாட்சை எடுத்து வைக்கிறவர்கள் தயவுசெய்து செல்லைக் கழற்றிவிட்டு வையுங்கள். அந்த ஒரு நிமிட வேலையை நான் ஆறு வருடம் முன்பே செய்திருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் இடுக்கியால் செல்லை எடுத்தேன். பல்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி, வினிகரில் தொட்டுப் பிழிந்துவிட்டுத் துடைத்தேன். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால். பக்கத்திலேயே காயில். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, பல்லாயிரம் சுற்று. பல்குச்சி வழுக்கி ஒரு இழை அறுந்தால் கதை முடிந்தது. அந்த அரை அங்குலத்தைச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் ஆனது.

1.55 வோல்ட் புது செல் போட்டேன். ஓடவில்லை.

மறுநாள் பகல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். செல்லின் அடியில் தொடும் தகட்டுக்குக் கீழே மணல் அளவு பச்சை மிச்சமிருந்தது. அதையும் எடுத்தேன். முள் ஒரு நொடி தாவியது. நின்றது. மறுபடி தாவியது. அப்புறம் நிற்கவே இல்லை.

இந்த மெஷினுக்குள்ளே அரிசியை விடச் சற்று நீண்ட, வெள்ளி நிறக் குழல் ஒன்று இருக்கிறது. அதில் அடைபட்ட குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சர்க்யூட் அந்த எண்ணைப் பாதி பாதியாக 15 முறை குறைத்தால் மிஞ்சுவது ஒன்று. அந்த ஒரு துடிப்பு காயிலுக்குள் போக, சின்னக் காந்தம் அரைச் சுற்றுச் சுற்றி முள்ளை ஒரு படி தள்ளுகிறது. பேலன்ஸ் வீல் போல இந்த அதிர்வைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனாலும் மேலமாசி வீதியில் நின்ற அதே பையனாகத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் சொன்னபடியே ஒரு நாள் ஓடவிட்டேன். செல்போனைப் பார்த்து மணி வைக்கும்போது அம்மா எட்டிப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம் கூட்டி வைப்பா. இதுல அப்பா அப்படித்தான் வெச்சிருப்பார்."

எனக்கு அது தெரியாது. சாவியை இழுத்து ஐந்து நிமிடம் தள்ளி வைத்தேன்.