ரிப் மாமா மலையேற்றுகிறார்

செட்டிகுளத்தில் ஏறுவதற்கென்று இருக்கிற உயரம் குளக்கட்டுதான். அப்படிப்பட்ட ஊரிலும் மலையேற்ற நிபுணர்களுக்குக் குறைவில்லை. குடும்பத்துக்கு ஒரு ரிப் மாமா, அதாவது பயணம் ஒழுங்குபண்ணும் மாமா, உண்டு. பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிபராகவோ கூட்டுறவுச் சங்க முகாமையாளராகவோ இருப்பார். சேட்டுப் பொக்கற்றில் சிவப்பும் நீலமுமாக இரண்டு பேனை, கக்கத்தில் சீ.ஆர். கொப்பி. பள்ளிக்கூட விடுமுறை கிட்ட வந்தால் கொப்பி திறக்கும்.

எங்கள் ரிப் மாமாவின் முதற்கூட்டம் மாமரத்தின் கீழே நடக்கும். இளசுகள் எல்லவுக்குப் போகலாம் என்பார்கள்.

"சின்ன சிவனொளிபாதமலை, மாமா. 1141 மீற்றர்தான். சின்னப் பிள்ளையளே ஏறுதுகள்."

"1141 மீற்றரோ? பனையை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கினாலும் ஐம்பது காணாது!"

எல்ல ஊரே ஆயிரம் மீற்றருக்கு மேலேதான் இருக்கிறது, நாங்கள் ஏறவேண்டியது நூறு மீற்றரளவுதான் என்று மருமகள் விளக்கினாள். கொப்பியில் அதற்கு நிரல் இல்லை.

அடுத்தது ஹோட்டன் சமவெளி, உலக முடிவு. சுற்றிவர ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோமீற்றர் நடை. காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு போனால் பள்ளத்தை முகில் மூடிவிடும். இதற்கெல்லாம் மாமா அசையவில்லை. "வாசல்ல பொலித்தீனைக் கழட்டி வாங்கிப்போடுவாங்கள்" என்றதும்தான் பேனையை மூடினார். எங்கள் வீட்டுச் சாப்பாடு முழுக்க லஞ்ச் சீற்றில் அல்லவா பயணம் செய்வது!

எனவே மிகிந்தலை. மதவாச்சியில் ஏ9 வீதியைப் பிடித்து, ரம்பாவ தாண்டினால் வந்துவிடும்.

நேரசூசி தயாரானது: 4.00 எழும்புதல். 4.10 தேத்தண்ணி. 4.30 வெளிக்கிடுதல் (சின்னக்காவுக்கு மட்டும் 3.30 என்று சொல்லவும்). பிட்டு, சம்பல், சுடுதண்ணிப் போத்தல், ஜீவனி, சித்தாலேப, பாய் இரண்டு, கயிறு ஒன்று.

"கயிறு என்னத்துக்கு?"

"மலையெல்லோ!"

அம்மம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. முல்லைத்தீவிலிருந்து நடந்து நடந்து, 2009இல் இதே செட்டிகுளத்து மெனிக் பாம் அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தவர். "அப்ப சட்டி பானையோட நடந்தது காணாதே? இப்ப காசு குடுத்தும் நடக்கவேணுமோ?"

"அப்ப ஒருத்தரும் நேரசூசி தரேல்லை, மாமி" என்றார் மாமா. அம்மம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொப்பியை எட்டிப் பார்த்தேன். சிவப்புப் பேனையால் இரட்டைக் கோடு இழுத்திருந்த வரி ஒன்றே ஒன்றுதான்: மாலை 6.30, எல்லாரும் வீடு.

அன்றைக்குப் பார்த்துச் சின்னக்கா சொன்ன நேரத்துக்கே வந்து, இருட்டில் படலையைத் தட்டி, ஊர் நாயெல்லாம் குரைக்க வைத்தார்.

மிகிந்தலையில் 1840 கற்படிகள். அகலமான, தாழ்ந்த படிகள். இரு பக்கமும் ஈழத்தலரி மரங்கள். பிள்ளைகளும் கிழவிகளும் பேசிக்கொண்டே ஏறலாம். மாமா படிக்கு ஒரு புத்திமதி சொல்லத் தொடங்கும்போது வான் சாரதி குறுக்கிட்டார்: "மேல் தரிப்பிடம் மட்டும் வான் போகும், ஐயா." கயிறு, பாய், முக்கால்வாசி மலையேறிகள் எல்லாம் வானுக்குள் ஏறிவிட்டன.

நடுத்தட்டில் பழைய தானசாலை இருக்கிறது. பிக்குகளுக்குச் சோற்றுக்கு ஒரு கல்தொட்டி, கஞ்சிக்கு ஒரு கல்தொட்டி. மாமா சாணால் அளந்து, "எங்கட ஆக்களுக்குக் காணும்" என்றார். பக்கத்திலே 4ஆம் மகிந்தன் 10ஆம் நூற்றாண்டில் நாட்டிய இரண்டு கற்பலகைகள். பிக்குகள் விடியலில் எழும்பிப் பல்துலக்குவது தொடக்கம் வேலையாட்களுக்கு என்ன படி என்பது வரை அதில் வெட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மாமா மெய்ம்மறந்து நின்றார். நேரசூசியைக் கல்லில் வெட்டிய அரசன்! கொப்பி அவருக்கே சின்னதாகத் தெரிந்திருக்கவேண்டும்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஆராதனாகல பாறையில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். வெயில் ஏறினால் கால் பொரிந்துவிடும். நாலு மணி எழுப்பலின் நியாயம் அங்கேதான் விளங்கியது. மேலே காற்று ஆளைத் தள்ளியது. கீழே காடு, குளங்கள், தூரத்தில் அநுராதபுரத்துத் தூபிகள். எல்லாரும் அந்தப் பக்கம் பார்க்க, மாமா மட்டும் வடக்கே விரலை நீட்டினார். "அந்தா, எங்கட குளக்கட்டு!" பச்சையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மறுத்துச் சொல்ல ஒருவருக்கும் ஆதாரமும் இல்லை.

"காட்சி பார்த்தல் முடிஞ்சுது. பத்து நிமிசம்தான்!"

கீழே பாயை விரித்தபோது குரங்குகள் வந்து ஒரு பார்சல் பிட்டை லஞ்ச் சீற்றோடு தூக்கிக்கொண்டு போயின. பெண்கள் கத்தினார்கள். மாமா அமைதியாகக் கொப்பியைத் திறந்து, அடுத்த பயணத்துக்கு "குரங்கு: 5 நிமிடம்" என்று ஒதுக்கினார். பிறகு மரத்தில் கிழிந்து தொங்கிய லஞ்ச் சீற்றைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"வாழையிலையில கட்டினால் ஹோட்டன் வாசல்ல ஒருத்தரும் மறிக்கேலாது, என்ன?"

சின்னக்கா அப்போதே கேட்டுவிட்டார்: "எனக்கு எத்தினை மணி எண்டு சொல்லப்போறியள்?"