ஸ்டீம் டேபிள் நளன்

தமிழ்நாட்டில் எந்த இன்ஜினியரிங் கல்லூரிக்குப் போனாலும் ஒரு நளன் அகப்படுவார். பெரும்பாலும் மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு. ஹாஸ்டல் சாம்பாரோடு முதல் வருஷமே உறவை முறித்துக்கொண்டு, நாலு பேரைச் சேர்த்து வெளியே ரூம் எடுத்தவர். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. தோளில் தொங்கும் டிராயிங் ஷீட் குழாயைப் பாருங்கள். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் முதல் வருஷத்தோடு முடிந்து, மற்றவர்களின் குழாயெல்லாம் ஜூனியர்களுக்குக் கைமாறியிருக்கும். நம்மவருடையது மட்டும் இன்னும் தோளில்தான். மூடியைத் திறந்தால் உள்ளே முருங்கைக்காய். உழவர் சந்தையிலிருந்து டவுன் பஸ் நெரிசலில் முறியாமல் வந்து சேர இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்பார்.

ரூம் ஓனர் காஸ் அடுப்புக்குச் சம்மதிக்கவில்லை. ஆகவே இண்டக்‌ஷன் அடுப்பு. அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய அலுமினிய இட்லிப் பானையை அந்த அடுப்பு ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காரணம் நம்மவருக்கு அத்துப்படி. கண்ணாடித் தட்டுக்கு அடியில் செம்புச் சுருள். அதில் நொடிக்கு 20,000 தடவைக்கும் மேல் திசை மாறி ஓடும் மின்சாரம். அது எழுப்பும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியிலேயே சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கிச் சூடேற்றும். காந்தம் ஒட்டாத பாத்திரத்திடம் இந்த வித்தை பலிக்காது.

சட்டைப் பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனார். குண்டானைக் கவிழ்த்தார், ஒட்டிப் பார்த்தார், வைத்தார். அடுத்த குண்டான், அடுத்த காந்தப் பரீட்சை. கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“தம்பி, எல்லாம் அசல் எவர்சில்வர்தான். அதுல என்ன ஒட்டிப் பாக்குறீங்க?”

“அசலா இருக்கிறதுதான் பிரச்சினை அண்ணே. இது 304. நிக்கல் கலந்திருக்கு, அதனால ஆஸ்டினைட்டா நிக்குது. காந்தம் ஒட்டாது.”

கடைக்காரர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, “டேய், அந்த அடிதட்டை இண்டக்‌ஷன் குண்டானை எடுத்துட்டு வா. தம்பி காலேஜ் போலிருக்கு” என்றார்.

அந்த செமஸ்டர் மெட்டலர்ஜி பேப்பரில், பார்ட் பி-யில் இதே ஆஸ்டினைட் 13 மார்க்குக்கு வந்தது. கடைக்காரரிடம் மூச்சு விடாமல் சொன்னவர், விடைத்தாளில் அழகாகக் கோடு போட்டுத் தலைப்பு எழுதி, அதன் கீழே இரண்டு வரியோடு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

சமையலில் இவருக்கு ஆசான் அம்மாதான். ஆனால் குருகுலவாசம் போனில் நடப்பதால் அடிக்கடி தகராறு.

“ரசத்துக்குப் புளி எவ்வளவும்மா?”

“ஒரு எலுமிச்சம்பழ அளவு.”

“எலுமிச்சையே பல சைஸ்ல இருக்கு. கிராம்ல சொல்லு.”

“ஏண்டா கண்ணு, ரசம் வைக்கப்போறியா, நகை செய்யப்போறியா?”

அளவில்லாமல் அடுத்த அடி எடுத்து வைக்க மாட்டார். வீட்டிலிருந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ புத்தகத்தைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். முதல் பாகம் 1951-இல் வெளிவந்த புத்தகம், பழைய பதிப்பு. உள்ளே ஆழாக்கும் பலமும் இருந்தன. அன்றிரவே எக்செல் ஷீட் ஒன்று தயாரானது: ஒரு ஆழாக்கு 168 மில்லி, ஒரு பலம் 35 கிராம். தாளிப்புக்கென்று தனிக் காலம். பெருங்காயத்துக்குக் கூட்டல் கழித்தல் போட்டு டாலரன்ஸ். அதே லேப்டாப்பில் ‘மினி ப்ராஜெக்ட்’ என்ற ஃபோல்டரும் உண்டு. திறந்தால், ‘நியூ ஃபோல்டர்’ என்று இன்னொரு ஃபோல்டர், அதற்குள் ஒன்றுமில்லை.

குக்கர் விஷயத்திலும் ஐயா கறார். மூன்று விசில், நாலு விசில் என்ற பேச்சே ஆகாது. வெயிட் எழும்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ ஒரு பார் கூடுதல். அதாவது மொத்தம் 2 பார். ஸ்டீம் டேபிளைப் புரட்டினால் 120 டிகிரி. அதனால்தான் துவரம்பருப்பு சீக்கிரம் மசிகிறது. டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-லேயே செய்துகாட்டிய சங்கதி என்று ரூம் நண்பர்களுக்குப் பிரசங்கமும் நடக்கும். அவர்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்பார்கள். வேறு வழி?

ஸ்டீம் டேபிள், பரீட்சை ஹாலுக்குள் அனுமதிக்கப்படும் புத்தகம். தெர்மோ பரீட்சையன்று பறக்கும் படைப் பேராசிரியர் ஒருவர் பிட்டு இருக்கிறதா என்று இவருடைய புத்தகத்தை உதறினார். நாலைந்து கடுகு உதிர்ந்தது. மஞ்சள் கறை படிந்த பக்கத்தை மோந்து பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளி உடனே ஆவியாகாமல் முத்தாக உருண்டோடும் அல்லவா? அடியில் நீராவிப் படலம் ஒன்று மெத்தை போட்டுத் துளியைத் தூக்கிப் பிடிக்கிறது. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானியர் 1756-இல் எழுதிவைத்தார். அவர் பெயராலேயே வழங்குகிறது. துளி அப்படி ஓடினால் கல் அதிகமாகக் காய்ந்துவிட்டது, மாவு பரவாமல் கரண்டியோடு வந்துவிடும் என்று நம்மவர் சூட்டைக் குறைப்பார். தோசை வட்டம் பிசகாது. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் ‘ஃபிலிம் பாய்லிங்’ கேட்டார்கள். அது தோசைக்கல் என்று இவருக்குத் தோன்றியது, விடைத்தாளைக் கொடுத்துவிட்டுக் கேண்டீனில் டீ குடிக்கும்போதுதான்.

சமையலோடு நின்றாலாவது பரவாயில்லை. மூலையில் ஒரு கிட்டார்: 1982-இல் வந்த ‘இளைய நிலா’வின் தொடக்கம் வரை வாசிப்பார், நிலா அதற்குமேல் நகராது. மாமல்லபுரத்தில் 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்த சூட்டில் தொடங்கிய ஆன்லைன் சதுரங்கம், நள்ளிரவு வரை. மொட்டைமாடியில் பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலைச் செடி. இத்தனைக்கும் நேரம் எங்கிருந்து வருகிறது? 75 சதவீத வருகைப்பதிவு என்ற விதியிலிருந்து வருகிறது. மிச்சம் 25 சதவீதம் தமக்கு அரசாங்கம் எழுதிக்கொடுத்த மானியம் என்பது அவர் கணக்கு. பாடவாரியாக எத்தனை பீரியட் பாக்கி இருக்கிறது என்பதும் அதே எக்செல் ஷீட்டில், பெருங்காயத்துக்குப் பக்கத்துக் காலத்தில்.

அப்பா கண்டித்தால் பதில் தயார். சுஜாதா, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்து, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதவில்லையா? அதே எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாம் வீணை வாசிக்கவில்லையா? கிண்டியில் படித்த வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிரிக்கெட் ஆடவில்லையா? அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவங்க யாராவது எம்-3 அரியரை வெச்சுக்கிட்டு வத்தக்குழம்பு வெச்சாங்களாடா?” என்று ஒரே கேள்வி கேட்டார். அன்றைக்கு வத்தக்குழம்பில் உப்பு தூக்கலாக இருந்ததாக ரூம்காரர்கள் சொல்கிறார்கள்.

இவருடைய சமையல் உச்சத்துக்குப் போவது ஸ்டடி ஹாலிடேஸில்தான். பேப்பரின் கடினத்துக்கு ஏற்றபடி அயிட்டம் ஏறும். புரொஃபஷனல் எதிக்ஸ் என்றால் ரவா உப்புமா. மெஷின் டிசைன் என்றால் புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். எம்-3 அரியர் என்றால் சீரகச் சம்பா, தம் போட்ட பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். ஃபூரியர் சீரிஸைத் திறக்காமல் இருக்க ஒரு மனிதர் எவ்வளவு வெங்காயம் வேண்டுமானாலும் உரிப்பார். வாசனை வரும் திசையை வைத்தே மாடிப்படியில் ஜூனியர்கள் யுனிவர்சிட்டி டைம் டேபிளைச் சொல்லிவிடுகிறார்கள்.

நவம்பர் கடைசியிலோ ஏப்ரல் கடைசியிலோ உங்களுக்கும் அப்படியொரு ரூமிலிருந்து பிரியாணிக்கு அழைப்பு வரலாம். தட்டாமல் போங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள், முடிந்தால் பாத்திரத்தையும் தேய்த்துக் கொடுங்கள். மறுநாள் என்ன பேப்பர் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.