நாலரை வோல்ட்: ஒரு திணை ஆராய்ச்சி

ஃபஸ் பெடல் என்பது கிதாரின் நல்ல ஒலியைக் காசு செலவழித்துக் கெடுத்துக்கொள்ள உதவும் கருவி. காலால் ஒரு அமுக்கு; அதுவரை தேனாகச் சொட்டிய நாதம் தேன்கூட்டையே கலைத்துவிட்டாற்போல இரையும். இதை வீட்டிலேயே செய்து பார்ப்பவர்களைப் படுத்தி எடுக்கும் ‘பயஸ்’ சிக்கலை இதுவரை எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கையில் விட்டிருந்தோம். அது பொருளிலக்கணத்தின்பாற்பட்டது என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றம். 1961-ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாட்டு நாஷ்வில்லில் பதிவானபோது மிக்ஸரில் ஏதோ பழுது. கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் கிதார் தொண்டை கட்டியதுபோல் கரகரத்தது. அதை அப்படியே விட்டார்கள்; பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. மறு ஆண்டே கிப்ஸன் நிறுவனம் அந்தக் கரகரப்பைப் பெட்டியில் அடைத்து ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்று விற்றது. 1966-ல் லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் ‘ஃபஸ் ஃபேஸ்’ கொண்டுவந்தது. ஜிமி ஹென்றிக்ஸின் காலடி பட்டுப் புகழ்பெற்றது இதுவே; அடியேன் நகலெடுத்ததும் இதையே.

உறுப்பு. இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கபாசிட்டர், இரண்டு கண்ட்ரோல். ஆகப் பதினொன்று. சாம்பாருக்கு இதைவிட அதிகம் வேண்டும். இவற்றுக்குரிய நூற்பா ஒன்றே: ஒன்பது வோல்ட் பேட்டரியில் பாதி, அதாவது நாலரை, இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனையில் நிற்க வேண்டும். பயஸ் என்பது இதுவே.

பாதி எதற்கு எனின், ஊஞ்சலைக் கூடத்தின் நடுவில் மாட்டுவது எதற்கோ அதற்கு. சுவரோரம் மாட்டினால் ஒரு பக்கம் முட்டும். ஃபஸ்ஸில் ஒலியலை என்னும் ஊஞ்சல் எப்படியும் இரண்டு சுவரிலும் மோதத்தான் போகிறது; சமமாக மோதட்டும் என்பதற்கே இத்தனை பாடு.

பொழுது. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் தேடி ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கினேன். “ஜெர்மானியமா? அதெல்லாம் இப்ப யாரு சார் கேக்குறாங்க” என்றபடியே ஒருவர் டப்பாவைக் கவிழ்த்துத் தேடி, பழைய ரேடியோக்களில் ஒலி கொடுத்த ஏசி 128 இரண்டை எடுத்துத் தந்தார். காலையில் ஈயம் பற்றவைத்து மல்டிமீட்டரை வைத்தேன். நேர்முனை எர்த் ஆகும் சர்க்கியூட் என்பதால் கழித்தல் குறியோடு நாலரை. சுத்தமான நாலரை.

நடுப்பகலில் அதே பெட்டி 6.3 காட்டியது. கிதாரை மீட்டினால் ஸ்வரம் நீளவில்லை; ஈரப் பட்டாசுபோல் புஸ்ஸென்று அறுந்தது. முதல் டிரான்சிஸ்டரின் தொப்பியை இரு விரலால் பிடித்தேன். 6.3, 6.4, 6.5. விட்டேன், மெல்ல இறங்கியது. காரணம் இதுதான்: ஜெர்மானியத்தில் தானாகக் கசியும் மின்னோட்டம் சுமார் பத்து டிகிரி ஏறினால் இரண்டு மடங்காகும். முதலாவது கசியக் கசிய இரண்டாவதற்கு வரத்துக் குறைகிறது; அது கடையை மூடப் பார்க்கிறது; கலெக்டர் வோல்ட் பேட்டரியை நோக்கி ஏறுகிறது.

இதைக் கண்டதும் ஐயம் தெளிந்தது. திணை இலக்கணத்தில் முதற்பொருள் நிலமும் பொழுதும். பாலைக்குப் பொழுது வேனிலும் நண்பகலும். தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் பாலை. அவ்வாறே, கெட்ட பெடல் என்று தனியே ஒன்றில்லை. நல்ல பெடல் சித்திரை மதியத்தில் திரிந்தால் அதுவே பாலை. உரிப்பொருள் பிரிவு: ஸ்வரம் பாதியிலேயே பிரிந்து போகிறது.

தடையும் விடையும். சிலிக்கான் போட்டால் இவ்வளவு திரியாதே எனின், உண்மை. ஆனால் குரல் கூர்மையாகிக் காதைக் கீறும். மேலும் பொழுதுக்குத் திரியாத பொருளுக்கு அகத்திணையில் இடமில்லை. மூலப்படியில் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் பிரிசெட் வைத்துத் திருகிக்கொள்ளலாமே எனின், அதுவே வழி. 22 கிலோ ஓம் பிரிசெட் போட்டேன். வெயில் ஏறும்போது மின்தடையை ஏற்றினால், மீட்டர் நாலரைக்கு வந்துவிடும்.

ஆனால் ஒரு மாலை, மீட்டர் ஐந்தேகால் காட்டியபோது இதுவரை கேளாத இனிமை. திருகி நாலரைக்குக் கொண்டுவந்தேன், போய்விட்டது. மறுபடி திருகினேன். இப்படி ஒரு மணி நேரம். உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்: “என்னங்க, அதைச் சரி பண்றீங்களா, கெடுக்கறீங்களா?”

இத்துறையில் எழுப்பப்பட்ட ஒரே தகுதியான கேள்வி அதுதான். நாஷ்வில் பழுதை இத்தனை பேர் இத்தனை ஆண்டாகப் பழுதில்லாமல் செய்யப் பாடுபடுகிறோம். அந்தப் பழுது எந்த இடத்தில் சரியாகிறது என்று மீட்டருக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.

முடிபு. பிரிசெட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்கு வெளியே குமிழ் வைத்தேன். எண்கள் எழுதவில்லை. காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்று ஆறு புள்ளி வைத்திருக்கிறேன். முதல் நான்கும் வாசித்துப் பார்த்துக் குறித்தவை. கடைசி இரண்டும் ஊகம். அந்நேரத்தில் ஆய்வு நடத்த வீட்டில் அனுமதி இல்லை.