லாப்ரடார் குட்டியின் உதிர்ரோம விசாரம்

மானிடர் தலையில் ரோமம் உதிர்வதைப் பற்றி வைத்தியரும் தைல வியாபாரிகளும் ஏடு ஏடாக எழுதி வைத்திருக்க, அதனினும் பன்மடங்கு அதிகமாகவும், இரவு பகல் என்ற பேதமின்றியும், வீட்டின் எல்லா அறைகளிலும் ஏக காலத்தில் நிகழ்வதாகிய லாப்ரடார் குட்டியின் ரோம உதிர்வைக் குறித்துத் தனியாக ஒரு சாஸ்திரம் எழாதிருப்பது நமக்கு நெடுநாளாகவே வியப்பளித்து வருகிறது. சென்னை நகரத்து அடுக்ககங்களில், இரண்டு மாதக் குட்டியாக ஓர் அட்டைப் பெட்டியிலோ பிரம்புக் கூடையிலோ வந்து சேரும் இப்பிராணி, வந்த புதிதில் அக்குடும்பத்தாருக்குப் பரமானந்தத்தையும், நான்காம் மாதம் பிறந்தது முதல் ஆராய்ச்சிக்கு வேண்டிய மூலப்பொருளையும் தடையின்றி வழங்கி வருகிறது. மூலப்பொருள் இவ்வளவு மலிந்த துறை வேறொன்று இல்லை.

முதற்கண் பிரமாண விசாரம். தார்க்கிகர் வகுத்த பிரமாணங்களுள் பிரத்தியட்சம் இங்கே மிகவும் எளிது. ரோமம் தரையில் உண்டு, புடைவையில் உண்டு, மின்விசிறியின் இறக்கையில் உண்டு, தயிர்சாதத்திலும் உண்டு. மஞ்சள் நிறக் குட்டியின் ரோமம் தயிர்சாதத்தில் கண்ணுக்குப் புலனாகாமல் நாவுக்கு மட்டுமே புலனாவதால் அதனைப் பிரத்தியட்சத்தில் சேர்க்கலாமா என்று ஓர் ஐயம் எழுந்து, ஸ்பரிசமும் பிரத்தியட்சமே என்று முன்னோர் முடிவு கட்டியிருப்பதனால் அது உடனே தீர்ந்தது. குட்டி ஏறக் கூடாதென்று விலக்கப்பட்ட கட்டிலின்மேல் ரோமம் காணப்படுமாயின், விலக்கும் அதிகாரம் வீட்டாரிடம் இல்லை என்பது அனுமானத்தால் பெறப்படும். இனி, சப்தப் பிரமாணமாவது ஆப்தர் வாக்கு; இவ்விஷயத்தில் ஆப்தராவார், நாள்தோறும் துடைப்பம் பிடிக்கும் பணிப்பெண்ணைத் தவிர வேறு யாராக இருத்தல் கூடும்? "போதும்னு சொன்னீங்கன்னா நான் பெருக்கறத நிறுத்திடுவேன்க்கா, அது நிறுத்தாதே" என்று அவ்வம்மையார் அருளிய வாக்கியம், நாம் இக்கட்டுரையில் நிறுவப் போவதன் பெரும்பகுதியைச் சூத்திர வடிவில் அடக்கிக் கொண்டிருக்கிறது.

உதிர்வதற்குக் காரணம் யாது என்னும் வினாவுக்கு விடை காணச் சென்னையை விட்டுப் புறப்பட்டு, அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேற்குக் கரையிலுள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவு வரையில் செல்ல வேண்டியிருக்கிறது. அங்கே மீன்பிடிப் படகுகளில் ஊழியம் செய்து, எலும்பை உறைய வைக்கும் நீரில் குதித்து, வலையினின்றும் நழுவிய மீனையும் மிதந்து செல்லும் கயிற்றையும் கவ்விக் கொண்டுவந்த செயின்ட் ஜான்ஸ் நாயானது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பலேறி இங்கிலாந்து சென்று, மாம்ஸ்பரி பிரபு, பக்ளூ பிரபு முதலியோரின் வேட்டைக் கொட்டில்களில் லாப்ரடாராக உருப்பெற்று, 1903ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கென்னல் கிளப்பினரால் தனி இனமென்று அங்கீகரிக்கப்பட்டது. (சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியதும் அதே 1903ஆம் ஆண்டில்தான் என்பதைத் தெய்வ சங்கற்பம் என்று கொள்ள விரும்புவோர் கொள்ளலாம், நாம் தடுப்பதற்கில்லை.) குளிர்நீருக்கென்று அமைந்த உடலாதலின் அதற்கு ரோமம் இரண்டு அடுக்கு: மேலே குட்டையாய், சற்றே முரடாய், நீரை ஒட்டவிடாததாய் உள்ள காவல் ரோமம், அதன்கீழே நெருங்கி வளர்ந்து உடற்சூட்டைக் காக்கும் மெல்லிய உள்ரோமம். நம் நாட்டு வெயிலுக்கென்றே அமைந்தாற்போல் உடலோடு ஒட்டிய குட்டை ரோமத்தோடு சிப்பிப்பாறையும் இராஜபாளையமும் இங்கேயே இருக்க, இந்த ஈரடுக்குக் கம்பளத்தை அக்கினி நட்சத்திரத்தில் மூன்றாம் மாடிக்கு ஏற்றி வைத்தவர்கள் நாமே ஆதலால், கம்பளத்தின்மீது குற்றம் சாட்டுவது தர்மமாகாது.

இனி, விலங்கு நூலார் கூறும் ஒரு நுட்பம் சிந்திக்கத் தக்கது. நாயின் ரோமம் பருவந்தோறும் தன்னைப் புதுப்பித்துக் கொள்ளுவது குளிர் வெப்பங்களை மட்டும் நோக்கியன்று. பெரும்பாலும் பகற்பொழுதின் நீளத்தை நோக்கியே. செயின்ட் ஜான்ஸ் நகரில் மார்கழிப் பகல் எட்டரை மணி நேரம். ஆனிப் பகலோ ஏறக்குறைய 16 மணி நேரம். சென்னையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை சுமார் ஒன்றரை மணி நேரமே. அந்தச் சொற்ப வேற்றுமையையும் இரவு பதினொரு மணி வரையில் எரியும் குழல்விளக்கும் தொலைக்காட்சியும் அழித்துவிடுகின்றன. ஆகவே, பஞ்சாங்கத்தைத் தொலைத்துவிட்ட புரோகிதர் என்றைக்கு அமாவாசையோ என்னும் அச்சத்தால் தினந்தோறும் தர்ப்பணம் செய்து வைப்பதைப் போல, இந்த நாயின் சர்மமும் வருஷம் முழுவதும் சிறிது சிறிதாக உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. குட்டிக்கோ இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. பிறவியில் வந்த மென்ரோமம் ஏறத்தாழ நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையில் கழன்று, வாலிலும் முதுகுத் தண்டின் வழியிலும் முதலில் தலைகாட்டும் முதிர்ந்த ரோமத்துக்கு இடம் கொடுக்கிறது. பால்பற்கள் 28உம் விழுந்து, 42 நிலைப்பற்கள் முளைப்பதும் அதே மாதங்களிலேதான். விழுந்த பல்லைக் கண்டெடுத்த குடும்பத்தார் அதனைப் புகைப்படம் எடுத்து உறவினர்க்கெல்லாம் அனுப்புவதும், விழுந்த ரோமத்தைக் கண்டெடுத்த அதே குடும்பத்தார் அலறியடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுவதும் ஏன் என்பது மனோதத்துவ நூலார் ஆராய வேண்டிய பொருள்.

இவ்வுதிர்வை நிறுத்துதற்கு உபாயம் சொல்லுவோர் மாடிப்படியிலும் காய்கறிக் கடையிலும் மின்தூக்கியிலும் நிறைந்திருக்கிறார்கள். அவர்களுடைய மதங்களைப் பூர்வபட்சமாக வைத்துக் கண்டிப்பது மரபு.

நாள்தோறும் ஒரு பச்சை முட்டையை ஊட்டினால் ரோமம் பளபளக்கும் என்பது அண்டவாதிகளின் மதம். பச்சை முட்டையின் வெள்ளைக்கருவிலுள்ள அவிடின் என்னும் பொருள், ரோமத்துக்கு வேண்டியதென்று அவர்களே போற்றும் பயோட்டின் என்னும் சத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவொட்டாமல் செய்துவிடும் என்பதையும், வேகவைத்தால் அத்தோஷம் நீங்கும் என்பதையும் எடுத்துக் காட்டியவுடன் இம்மதம் பாதி வீழ்ந்தது. வேகவைக்க அலுப்புப்பட்டு மீதிப் பாதியும் வீழ்ந்தது. சனிக்கிழமைதோறும் தேங்காயெண்ணெய் தடவச் சொல்லுகிற தைலவாதிகளைக் கண்டிக்க வாதமே வேண்டுவதில்லை. தடவிய எண்ணெய் முழுவதையும் குட்டி நக்கி உண்டு, மறுநாள் வீட்டார்க்கு வேறு வகை வேலையை வைத்துவிடுகிறது. ஸ்நானவாதிகள் வேப்பிலை நீரிலும் மஞ்சள் நீரிலும் தினசரி குளிப்பாட்ட வேண்டும் என்பர். மஞ்சள் நிறக் குட்டிக்கு மஞ்சள் பூசிப் பார்த்ததில் நிறத்திலோ உதிர்விலோ யாதொரு வேறுபாடும் புலப்படவில்லை என்பது ஒருபுறமிருக்க, ஓயாத குளியல் சர்மத்தில் இயல்பாக ஊறும் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிட்டுப் பொடுகையும் அரிப்பையும் உண்டாக்கும் என்பதும், மனிதர் தேய்த்துக்கொள்ளும் ஷாம்பு நாயின் சர்மத்தின் அமிலத் தன்மைக்கு ஒவ்வாது என்பதும் மறுக்கவொண்ணாதவை.

எல்லாரினும் கொடியவர் முண்டனவாதிகள். கோடை வந்தவுடன் கத்தரிக்கோலும் கையுமாகத் தோன்றி, "பாவம் சார், வாயில்லா ஜீவன், ஒட்ட வெட்டி விட்டுடுங்க" என்று தயாபரர்களாய்ப் பேசும் இவர்கள், நாய்க்கு வியர்வை பெரும்பாலும் பாதத்தின் அடியில் மாத்திரமே சுரக்கும் என்பதையும், அது தன் உடலைக் குளிர்விப்பது நாவை நீட்டி இரைக்கும் சுவாசத்தால் என்பதையும், அதன் மேல்ரோமம் வெயிலுக்கும் ஒரு திரையாக இருக்கிறது என்பதையும் அறியார். ஒட்டக் கத்தரித்த லாப்ரடாரின் ரோமம் பழைய நிலைக்கு வர மூன்று மாதங்களுக்கு மேலாகும். அதற்குள் கோடையே கழிந்து, குட்டி மொட்டைத் தலையர் கூட்டத்தைக் கண்டு திருப்பதியிலிருந்து வந்த சொந்தமோ என்று எண்ணும் நிலையை அடைந்துவிடும்.

இனிச் சித்தாந்தம். உதிர்ந்த ரோமத்தை ஆராய்வது வீண்; உதிர்ந்த இடத்தையே ஆராய்தல் வேண்டும். குடும்பத்தார் கையில் ஒரு பிடி ரோமத்தை ஏந்திக்கொண்டு போய் நிற்க, டாக்டரோ அதை ஏறெடுத்தும் பாராமல் குட்டியைப் புரட்டிப் போட்டு வயிற்றையும் அக்குளையும் காதின் உட்புறத்தையும் பார்க்கிறாரே, அதன் தாத்பரியம் இதுவே. ரோமம் உடல் முழுவதும் சமமாகக் கழன்று, அதன்கீழ் சர்மம் வெளிறிய நிறத்தில் சுத்தமாக இருக்குமாயின், வேண்டுவது ஒரு சீப்பும் சிறிது பொறுமையும். அவ்வாறன்றிக் கண்ணைச் சுற்றிக் கண்ணாடி மாட்டியது போலவோ, வாயோரத்திலும் முன்னங்காலிலும் வட்டமாகவோ மொட்டை விழுந்திருந்தால், பிறந்த சில நாட்களில் தாயினிடமிருந்து ஒட்டிக்கொண்டு ரோமக் குழியில் குடியிருக்கும் டெமோடெக்ஸ் என்னும் நுண்பூச்சி பெருகியிருக்கலாம். சர்மத்தைச் சிறிது சுரண்டி நுண்நோக்கியில் பார்த்தே அதனை நிச்சயிப்பார்கள். காதின் விளிம்பிலும் முழங்கையிலும் இரத்தம் வரச் சொறிந்தால் அது வேறு சொறி, வீட்டாருக்கும் தொற்றும். அடிவயிற்றில் சிறு சிறு சீழ்க்கொப்புளம் தோன்றுவது குட்டிகளுக்குச் சகஜம். தொங்கும் காதோ காற்றோட்டமில்லாத அறை. குளித்த ஈரம் அதில் தங்கினால் ஈஸ்ட் வளர்ந்து, புளித்த வாடை வீசி, குட்டி ஓயாமல் தலையை உதறத் தொடங்கும். இவற்றுள் ஒன்றேனும் தரையில் கிடக்கும் ரோமத்தை எவ்வளவு கூர்ந்து நோக்கினும் தெரியாது.

ரோமத்துக்கே இவ்வளவு விசாரம் செலவிடும் குடும்பங்களில், சத்தமின்றி வரும் ஆபத்துகளுக்கு எஞ்சும் கவனம் மிகக் குறைவு என்பது நாம் கண்ட உண்மை. "ஒரு ஊசி போட்டாச்சே, இன்னும் எத்தனை?" என்று கேட்போர் பலர். 1978ஆம் ஆண்டில் உலகுக்குத் தெரியவந்த பார்வோ என்னும் கொடிய வயிற்றுநோய்க்குத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறாம் வாரம் வரையில் போடச் சொல்லுவது வைத்தியரின் பேராசையன்று. தாய்ப்பாலின் வழியே வந்த எதிர்ப்பொருளே தடுப்பூசியின் வேலையையும் தடுத்துவிடுகிறது; அந்தத் தாய்ச்செல்வம் எந்த வாரத்தில் தீர்ந்து போகும் என்று எந்தக் குட்டியிடமும் எழுதி வைக்கப்படவில்லை. அதே தாயினிடமிருந்து, கருவிலிருக்கும்போதே உருண்டைப் புழுவும் வந்து சேருகிறது. ஆதலால் "எங்கள் குட்டி வெளியே போனதே இல்லை" என்பது பூச்சி மருந்தை மறுக்கப் போதிய நியாயமாகாது.

உண்ணியின் விஷயம் இன்னும் நுட்பமானது. பழுப்பு நிற நாயுண்ணி, காட்டையோ தோட்டத்தையோ நாடாமல், அடுக்ககத்தின் உள்ளேயே தன் ஜீவிதம் முழுவதையும் நடத்தவல்லது. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி உதிர்ந்து, சுவரின் வெடிப்பையும் கதவு நிலையின் சந்தையும் தேடி ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அது கொண்டுவரும் எர்லிக்கியா, பபேசியா முதலிய காய்ச்சல்களில் குட்டி முதலில் சோற்றை மறுக்கும், ஈறு வெளுக்கும், சில வேளைகளில் மூக்கில் இரத்தம் கசியும். சீப்பில் சிக்கிய ரோமத்தைத் திரட்டி, "இன்றைக்கு இவ்வளவு" என்று மனைவியிடம் காட்டும் கிருகஸ்தர், அதே வேளையில் குட்டியின் விரலிடுக்கையும் காதின் மடிப்பையும் விரித்துப் பார்த்திருந்தால் அவருடைய ஆராய்ச்சி பயனுடையதாகியிருக்கும்.

சோற்றை மறுப்பதை நோய்க்குறி என்றோம். அது லாப்ரடாருக்கு மிகவும் பொருந்தும். 2016ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், இவ்வினத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு நாய்க்குப் பி.ஓ.எம்.சி. என்னும் மரபணுவில் ஒரு சிறு பகுதி விட்டுப் போயிருப்பதையும், அவ்விடைவெளியை உடையவை பசியாறாது உணவையே நாடுவதையும் கண்டனர். ஆகவே நம் உணவு மேசையின் அருகில் அமர்ந்து, ஜன்மாந்தரப் பட்டினியின் உருவமாய் நோக்கும் அக்கண்களில் தெரிவது துக்கமன்று, மரபணு. இதை அறியாத பாட்டிமார் இரண்டாம் முறை நெய்ச்சோறும், மூன்றாம் முறை பிஸ்கட்டும், எலும்புக்கு நல்லதென்று மிதமிஞ்சிய கால்சியம் டானிக்கும் கொடுத்து, வழுவழுப்பான தரையில் சறுக்கி ஓடும் வளராத இடுப்பு மூட்டின்மேல் கிலோக் கணக்கில் பாரத்தை ஏற்றிவிடுகிறார்கள். பெரிய இனக் குட்டிக்குத் தேவைக்கு மேற்பட்ட கால்சியம் எலும்பைக் கெடுக்குமேயன்றி வளர்க்காது.

எஞ்சியிருப்பது வர்ண விசாரம். ரோமம் கொட்டாத நிறம் எது என்று குட்டி வாங்கு முன் கேட்போர் உண்டு. கறுப்பு, மஞ்சள், சாக்லேட் என்னும் மூன்று வர்ணங்களும் இரண்டு மரபணுக்களின் சேர்க்கையால் ஒரே ஈற்றில் பிறக்கக் கூடியவை, மூன்றும் கொட்டும். எந்தத் துணியில் தெரியும் என்பதை மட்டுமே வர்ணம் தீர்மானிக்கிறது. வெள்ளை வேட்டி உடுத்துவோர் மஞ்சள் குட்டியை வாங்கி ஆண்டு முழுவதும் ஒருவாறு நிம்மதியாக இருந்தாலும், கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலையிட்டுக் கறுப்பு வேட்டிக்கு மாறியவுடன் ஒரு மண்டல காலம் அவர்கள்மீது குட்டியின் கையொப்பம் பளிச்சென்று துலங்கும். அதற்காக ஒரு மண்டலத்துக்கு மட்டும் கறுப்புக் குட்டியை இரவல் வாங்குவது நடைமுறைக்கு ஒவ்வாது. அவர்களுக்கு நாம் சொல்லக் கூடியது, கடையில் விற்கும் பசை தடவிய காகித உருளை ஒன்றே. அதையும் குட்டியின் வாய்க்கு எட்டாத உயரத்தில் மாட்டி வைத்தல் நலம்.